கிணற்றில் கற்ற நீச்சலும் காவிரியும்

எங்கள் ராசிபுரம் பக்கத்தில் ஒருவரிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்டால், அவர் கிணற்றை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். ஆறு கிடையாது. ஏரி உண்டு, ஆனால் பாதி வருஷம் அதில் மாடு மேயும். அதனால் எங்களுக்கு நீச்சல் என்றால் தோட்டத்துக் கிணறுதான். ஒரு கோடை விடுமுறையில் அப்பா என்னையும் தம்பியையும் சேர்த்தே இறக்கினார். முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். “பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்” என்று அப்பத்தா மேலே நின்று முணுமுணுக்கும். அப்பா காதிலேயே வாங்கமாட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இரண்டு பேரும் மோட்டார் திட்டிலிருந்து குதிக்கிற அளவுக்குத் தேறிவிட்டோம்.

கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். எங்கே கை ஓய்ந்தாலும் நாலு வீச்சில் ஒரு படிக்கல்லோ மோட்டார் பைப்போ கைக்கு வந்துவிடும். கால் நிலைக்காது என்பது இறங்கும்போதே தெரியும், ஆகவே தரையைத் தேடவே மாட்டோம். போகவேண்டிய திசை என்று ஒன்று இல்லை, சுற்றிலும் சுவர்தான். இப்படிப் பழகிய உடம்போடுதான் கல்யாணமாகி வந்தபிறகு காவிரியில் இறங்கினேன்.

நாத்தனார் பையனுக்கு மொட்டையடித்துக் காது குத்தும் விசேஷம். அவர்களுடைய குலதெய்வக் கோயில் முசிறிக்குப் பக்கம், கரையோரத்தில். என் கணவர்தான் தாய்மாமன், அவர் மடியில் உட்காரவைத்து மொட்டை போட்டாயிற்று. கிடா வெட்டு முடிந்து சமையல் ஆகிக்கொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனி மாதக் கடைசி. அந்த வருஷம் மேட்டூரை வழக்கம்போல ஜூன் 12-ஆம் தேதி திறந்திருந்தார்கள், ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடியது. எல்லாரும் ஆற்றுக்குக் கிளம்பினோம்.

முசிறியில் காவிரி ரொம்ப அகலம். எதிர்க்கரையில் குளித்தலை, நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆற்றுப்படுகை. வெள்ளக் காலம் தவிர மற்ற நாட்களில் தண்ணீர் கரைக்குக் கரை போகாது, மணல் திட்டுகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடும். திட்டுகளில் நாணல் முளைத்திருக்கும். பார்ப்பதற்கு அவ்வளவு சாதுவாக இருக்கும். கரையிலிருந்து முதல் திட்டு வரைக்கும் முழங்கால் அளவுதான் தண்ணீர், சின்னப் பிள்ளைகளெல்லாம் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நானும் நடந்தேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருந்தேன். திட்டின் ஓரமாகவே சற்றுக் கீழே நடந்து போனபோது தண்ணீர் தொடைக்கு வந்தது, அடுத்த அடி வைத்தேன், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அது மணல் அள்ளிய குழி என்று பிற்பாடு சொன்னார்கள். கோடையில் ஆறு காய்ந்திருக்கும்போது தோண்டுகிறார்கள். தண்ணீர் வந்ததும் குழி நிரம்பிவிடும், மேலே பார்த்தால் மற்ற இடம் மாதிரியே தட்டையாக, இன்னும் கொஞ்சம் அமைதியாகக்கூடத் தெரியும். இயற்கையாக ஆறு அரித்த மடுவானால் ஊர்க்காரர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்திருக்கும், அதற்கொரு பேர்கூட இருக்கும். அள்ளிய குழிக்கு வயது ஒரு வருஷம்தான். போன ஆடியில் அங்கே குளித்தவர்களுக்கே இந்த ஆடியில் அது தெரியாது. அதன் விளிம்பும் கெட்டியாக இருக்காது. ஏறலாம் என்று கால் ஊன்றினால் மணல் சரிந்து நம்மையும் சேர்த்து உள்ளே தள்ளும்.

நான் முதலில் பயப்படவில்லை. நீச்சல் தெரியுமே. ஒருமுறை உள்ளே போய் மேலே வந்தேன், திரும்பிப் பார்த்தேன், எல்லாரும் நின்ற இடம் இருபது முப்பது அடி மேலே இருந்தது. அங்கே போக வேண்டும், அவ்வளவுதான் மனதில் ஓடியது. அடித்தேன். கிணற்றில் அடிப்பதுபோல நன்றாகத்தான் அடித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அந்த இடம் இன்னும் தள்ளிப் போயிருந்தது.

இதில் உள்ள கணக்கை அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். ஒலிம்பிக்கில் 50 மீட்டரை ஆண்கள் ஏறத்தாழ 21 வினாடியில் நீந்துகிறார்கள். வினாடிக்கு 2.4 மீட்டர். உலகத்திலேயே வேகமான ஆட்களுக்கே அவ்வளவுதான், அதுவும் அரை நிமிஷம்கூட இல்லை. என்னைப்போல ஊர் நீச்சல்காரிக்கு வினாடிக்கு ஒரு மீட்டர் வந்தாலே அதிகம். ஆற்றின் ஓட்டம் வினாடிக்கு ஒரு மீட்டர் என்பது வேகமே இல்லை, சாதாரண நடைக்கும் குறைவு. ஆனால் அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் நான் உயிரைக் கொடுத்து அடித்தும் நின்ற இடத்தில்தான் இருப்பேன். கை ஓய்ந்த மறுநொடி கீழே போக ஆரம்பிப்பேன். இன்னொன்றும் உண்டு, ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். முழங்கால் தண்ணீரில் வேகம் கூடினால் ஆள் சாய்ந்துவிடுவது அதனால்தான்.

துணி வேறு. சுடிதாரின் மேல்சட்டை காலில் சுற்றிக்கொண்டது, துப்பட்டா முடிச்சு அவிழ்ந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் பெண்கள் ஆற்றில் இறங்குவது முழு உடுப்போடுதான், அது மாறப்போவதில்லை. நனைந்த துணி தண்ணீருக்குள் நாம் நினைப்பதுபோலக் கல்லாகக் கனத்து இழுப்பதில்லை, ஆனால் ஒவ்வொரு அசைவையும் தடுக்கும். ஒரு வீச்சுக்கு மூன்று வீச்சின் களைப்பு வரும். இறங்குமுன் துப்பட்டாவைக் கரையில் வைத்துவிட்டுப் போவதும், சேலையானால் கொசுவத்தைத் தூக்கி இறுக்கிச் செருகுவதும் சின்ன வேலைதான்.

பத்துப் பன்னிரண்டு வீச்சுக்குப் பிறகு எனக்குக் கை வரவில்லை. மூச்சு எடுக்க வாயைத் திறந்தபோது தண்ணீர் வந்தது. இருமினேன், இருமலுக்கு இடையே மறுபடி தண்ணீர். உடம்பு தானாகவே நெட்டுக்குத்தாக நின்றுவிட்டது. கைகள் இரண்டும் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன, ஏணியில் ஏறுவதுபோல. நான் அப்படிச் செய்யவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. கத்தவேண்டும் என்று நினைத்தேன், அதுதான் முடியவில்லை. வாய் தண்ணீருக்கு மேலே இருந்த அந்த அரை நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருந்தது, குரலுக்கு இல்லை.

நாத்தனாரின் மூத்த பெண் திட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயதிருக்கும். அத்தை விளையாடுகிறாள் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சினிமாவில் மூழ்குகிறவர்கள் கையைத் தூக்கி ஆட்டி “காப்பாத்துங்க” என்று அலறுவார்கள். நிஜத்தில் மூழ்குவது சத்தமில்லாமல் நடக்கிறது. நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் படம்பிடித்தே இதை ஆராய்ந்திருக்கிறார். அவர் சொல்வது: தலை மேலும் கீழுமாகப் போகும், உடம்பு செங்குத்தாக நிற்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், கூப்பிடவோ கையாட்டவோ முடியாது. இந்த நிலையில் ஒருவர் தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 வினாடிகள்தான். நான் பட்டதை யாரோ எழுதிவைத்ததுபோல இருந்தது அதைப் படித்தபோது. ஆகவே தண்ணீரில் இருப்பவர் பக்கம் பார்த்து ஏதாவது கேளுங்கள். பதில் வந்தால் சரி. கண் வெறித்து, தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்து, பதில் வரவில்லை என்றால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என்னை அடையாளம் கண்டது கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எங்களுக்குச் சொந்தமோ தெரிந்தவரோ கிடையாது. என் கணவரும் மற்றவர்களும் நான் விழுந்த இடத்தை நோக்கி ஓடினார்களாம். அவர் ஆறு போகிற திசையில், எனக்கு முன்னால் போய்ச் சேருகிற மாதிரி, கரையோடு கீழே ஓடினார். ஓடிக்கொண்டே கத்தியது எனக்குக் கேட்டது.

“ஏ புள்ள! எதுக்காத! மல்லாக்கப் படு! படு புள்ள!”

மல்லாக்கப் படுப்பது எனக்குத் தெரிந்த ஒன்று. கிணற்றில் நானும் தம்பியும் யார் அதிக நேரம் பொணம் மாதிரி மிதக்கிறது என்று போட்டி போடுவோம். வேறெதுவும் தலையில் ஏறாத அந்த நேரத்தில் இது மட்டும் ஏறியது. தலையைப் பின்னால் சாய்த்தேன், காது தண்ணீருக்குள் போயிற்று, நெஞ்சை மேலே தூக்கினேன். மூக்கும் வாயும் வெளியே வந்தன. மூச்சு கிடைத்தது. ஆறு என்னை வேகமாகத்தான் கொண்டுபோனது, ஆனால் அமுக்கவில்லை. நுரையீரலில் காற்று இருக்கிறவரை பெரும்பாலானவர்களின் உடம்பு மிதக்கத்தான் செய்யும், அதன் மேலே கையைத் தூக்கி ஆட்டும்போதுதான் அந்தக் கையின் பாரம் தலையை உள்ளே தள்ளுகிறது.

“கரைப் பக்கம் சாஞ்சு வா! ஆத்தோட வா, சாஞ்சு வா!” என்றார் அடுத்து. காலை மெதுவாக உதைத்தேன். நேராகக் கரைக்கு வராமல், ஓட்டத்தோடு போய்க்கொண்டே கரையை நோக்கிச் சாய்வாக. அவர் தொடையளவு தண்ணீரில் நின்று மாட்டுக் கயிற்றை வீசினார். முதல் வீச்சு எட்டவில்லை. சுருட்டிக்கொண்டு மறுபடி கொஞ்சம் கீழே ஓடி வீசினார், நெஞ்சுமேல் வந்து விழுந்தது. பிடித்தேன். இழுத்துப் போட்டார்.

பிறகு ஒரு தடவை நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனோம். என் கணவர் கேட்டார், “ஐயா, உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல, குதிச்சிருந்தா சீக்கிரம் புடிச்சிருக்கலாமே?” அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “குதிச்சிருந்தா உங்க வீட்டம்மா என் கழுத்தப் புடிச்சிருக்கும் தம்பி. ரெண்டு பேரும் ஜீயபுரம் பக்கந்தான் ஒதுங்கியிருப்போம். இந்தக் கரையில எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். ஒத்தப் பொணமா வந்தது கம்மி.”

அவர் சொன்னது ஊர்ப் பேச்சு மட்டுமில்லை. 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளித்த சிறுமிகளும் பெண்களுமாக 7 பேர் ஒரே நேரத்தில் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் இதே காவிரியில், முசிறிக்கு மேலே மாயனூரில், விளையாட்டுப் போட்டிக்கு வந்த பள்ளி மாணவிகள் 4 பேர். இரண்டிலும் முதலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த்தான் மற்றவர்களும் சிக்கினார்கள் என்று செய்தி வந்தது. நான் மூழ்கியபோது என் கணவரும் பாய்ந்து இறங்கப் பார்த்திருக்கிறார். அவருக்குச் சுத்தமாக நீச்சல் தெரியாது. சின்ன மாமனார் இடுப்பைக் கட்டிப் பிடித்து மணலில் தள்ளி மேலே உட்கார்ந்துவிட்டாராம். அந்த நேரத்தில் அதற்காக அவர் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்று நான் இப்போதும் சொல்வேன்.

குதிக்கக் கூடாது என்றால் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று கேட்பார்கள். எறிய ஏதாவது தேடுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நால்வர் மூழ்கியபோது, துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரையேற்றினார்கள். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. அந்த ஆண்டின் கல்பனா சாவ்லா விருதை அரசு அவர்களுக்குக் கொடுத்தது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம். அதன் நுனியில் கால்வாசித் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில் ஒன்றைக் கட்டினால் தூரமாகவும் போகும், மிதக்கவும் செய்யும். சமையலுக்கு எண்ணெய் வாங்கிய 5 லிட்டர் கேன் காலியாக இருந்தால் மூடியை இறுக்கி எறியுங்கள். அது கிட்டத்தட்ட 5 கிலோ எடையை மேலே தாங்கும், ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு வெளியே வைக்க அந்த அளவே பெரிய உதவி. கழியோ வேட்டியோ நீட்டும்போது குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டுங்கள், பின்னால் ஒருவர் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். இழுப்பு அதிகமாகி நீங்களும் போவது போலிருந்தால் விட்டுவிட்டு வேறொன்றை எறியுங்கள். இன்னொருவர் அதற்குள் 108-க்கோ தீயணைப்பு நிலையத்துக்கு 101-க்கோ கூப்பிட வேண்டும். ‘ஆத்தங்கரை’ என்று சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் படித்துறை, எந்தக் கோயில், எந்த ஊர்ப் பக்கத்துக் கரை என்று சொல்ல வேண்டும். இறங்குவதற்கு முன்பே அந்தப் பேரை ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கரையேறிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். என்னைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கு என்று ஒரு கூட்டம், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கு என்று இன்னொரு கூட்டம். நான் மூச்சு விட்டுக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்ததால் நல்லவேளை எதுவும் பலிக்கவில்லை. வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றில் உள்ள தண்ணீர். அது வாந்தியோடு மூச்சுக்குழலுக்குள் போய் இருக்கிற மூச்சையும் அடைக்கும். சுயநினைவோடு மூச்சு விடுகிறவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத் துணியை மாற்றிப் போர்த்தினால் போதும்.

மூச்சே இல்லாதவர் விஷயம் வேறு. மாரடைப்பில் விழுந்தவருக்கு நெஞ்சை அமுக்குவது முதல் வேலை என்று பலருக்கும் இப்போது தெரிகிறது. தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று. அவர் இதயம் நின்றதே காற்று இல்லாமல்தான். தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதச் சொல்கிறது ஐரோப்பிய முதலுதவி முறை, இரண்டு என்கிறது அமெரிக்க முறை. இரண்டில் எதுவானாலும் சரி. பிறகு நெஞ்சின் நடுவே, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அமுக்கு, 2 ஊது, மறுபடி 30. ஆம்புலன்ஸ் வருகிறவரை நிறுத்தக் கூடாது. எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு அறுபது பேர் இருந்தோம், ஒருவருக்கும் இது தெரியாது. இப்போது என் கணவருக்குத் தெரியும், ஒருநாள் பயிற்சிக்குப் போய் பொம்மையின்மேல் அமுக்கிப் பழகிவிட்டு வந்தார்.

எனக்கு மதியம் வரை ஒன்றுமில்லை. விருந்துகூடச் சாப்பிட்டேன். சாயங்காலம் இருமல் கூடியது, நெஞ்சில் ஏதோ இறுகினாற்போல இருந்தது, பேசினால் மூச்சு வாங்கியது. “பயந்துபோயிருக்கா, விபூதி போடுங்க” என்றார் அத்தை. போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போனோம். ஆக்ஸிஜன் அளவு குறைந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்து, ஆக்ஸிஜன் வைத்து, ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டார்கள். நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர் போனாலும் அங்கே காற்று பரிமாறும் சிற்றறைகளின் உட்பூச்சு கெட்டுவிடும், அதன் விளைவு மேலே வர நாலைந்து மணி நேரம் ஆகலாம் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். தண்ணீர் குடித்து எழுந்த பிள்ளை நன்றாக ஓடியாடினாலும் அன்றைக்கு முழுக்கக் கவனியுங்கள். இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

காவிரியைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம். நம் தலைமேல் ஒரு சொட்டு மழை இல்லாமலே தண்ணீர் ஏறும். மேட்டூரில் கூடுதலாகத் திறந்தாலும் மாயனூர் கதவணையில் மதகைத் தூக்கினாலும் கீழே மட்டம் உயரும். செய்தியில் ‘வினாடிக்கு 10,000 கன அடி’ என்று படித்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று மேல். 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 12,000 லிட்டர் பிடிக்கிற லாரியில் இருபத்து மூன்று லாரிக்கும் மேல் தண்ணீர் நம்மைக் கடந்து போகிறது. வெள்ளம் வந்தால் இது லட்சத்தைத் தாண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் 9 உடைந்து போயின, 1830-களில் கட்டிய அணை அது. வருவாய்த்துறை மைக்கில் சொன்னாலும் வெளியூரிலிருந்து விசேஷத்துக்கு வந்தவர்கள் காதில் அது விழுவதில்லை. அதனால் ஆற்றுக்குப் போகிற நாளின் காலையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. கரையில் ஒரு குச்சியை நட்டுவைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்வது பழைய வழக்கம், இன்றும் செலவில்லாத வழக்கம். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, செத்தையும் நுரையும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, குச்சியைப் பார்க்கக்கூட நிற்காமல் மேலேறிவிட வேண்டும்.

ஏரியும் குவாரியும் வேறு ரகம். கைவிட்ட கல்குவாரியில் கரையென்று ஒன்றே இல்லை, செங்குத்தான பாறைதான், விழுந்தவர் பிடித்து ஏற முடியாது. கடலில் அலை திரும்பும்போது ஒரு குறுகிய பாதையில் உள்ளே இழுக்கும், அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளியேறிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கடல் பழக்கமில்லை, ஆகவே இதற்குமேல் சொல்லப்போவதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பண்ணைக்குட்டைகளைப் பற்றிச் சொல்லத் தெரியும். மானியத்தில் வெட்டி, அடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்த குட்டைகள் இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கின்றன. அந்தப் பாய் பாசி பிடித்தால் நீச்சல் தெரிந்த பெரியவரே சரிவில் ஏற முடியாமல் வழுக்கி வழுக்கி உள்ளே போவார். நாலு பக்கமும் முளை அடித்து முடிச்சுப் போட்ட கயிறு உள்ளே தொங்கவிட வேண்டும், ஒரு பழைய டியூபையும் கட்டிப்போட வேண்டும். அப்பா எங்கள் குட்டையில் போட்டிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆட்டுக்குட்டி விழுந்த பிறகுதான் போட்டார்.

இந்தியாவில் வருஷத்துக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்கள் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். கெடிலத்திலும் மாயனூரிலும் இறந்த அத்தனை பேரும் பெண் பிள்ளைகள் என்பது என் மனதைவிட்டுப் போகவில்லை. நம் வீடுகளில் பையனைக் கிணற்றில் தள்ளிக் கற்றுக்கொடுப்பார்கள், பெண்ணைக் கரையில் துணிக்குக் காவல் உட்காரவைப்பார்கள். பிறகு ஒருநாள் அவளும் தண்ணீரில் இறங்கத்தான் போகிறாள், துவைக்கவோ குளிக்கவோ புதுமணப் பெண்ணாக ஆடிப்பெருக்குக்கோ. இந்த விஷயத்தில் என் அப்பாவுக்கு நான் ரொம்பவே கடன்பட்டவள். கிணற்று நீச்சல் காவிரிக்குப் போதவில்லை என்பது உண்மை, ஆனால் மல்லாக்க மிதக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் கத்தியதற்கு என்னால் என்ன செய்திருக்க முடியும்?

எங்கள் பெண்ணுக்கு எட்டு வயதானதும் டவுனில் உள்ள நீச்சல் குளத்தில் சேர்த்தோம். நாத்தனார் மகளையும் சேர்த்தே அனுப்பினோம், என்னைப் பார்த்துக் கையசைத்தவளை. அவள் இப்போது வளர்ந்துவிட்டாள், சுடிதார் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க முதலில் கூச்சப்பட்டாள். ஆனால் அப்படித் துணியோடு இறங்கிப் பழகுவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீச்சல் உடையில் கற்றுக்கொண்டபின் கடைசி வாரத்தில் போட்டிருக்கும் துணியோடு விழுந்து, மல்லாந்து மிதந்து, ஓரத்துக்கு வரப் பழக்குங்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். துணியில் உள்ள அழுக்கு குளத்தைக் கெடுக்கும் என்று முதலில் தயங்கினார், துவைத்த துணி என்றால் சரி என்றார். பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா என்று அத்தைதான் கேட்கச் சொன்னார், காலையில் ஒரு மணி நேரம் இருந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற குளங்கள் பல மாவட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன, கோடையில் புதிதாகக் கற்பவர்களுக்கு வகுப்பும் வைக்கிறார்கள். மார்ச் மாதத்திலேயே போய்க் கேட்டுவிடுங்கள், பரீட்சை முடிந்தபிறகு போனால் காலை நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.